விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு: அறிக்கையில் உள்ள அந்தச் சதவீதம் என்ன சொல்கிறது?

வழக்கமான விந்துப் பரிசோதனை மூன்று விஷயங்களைக் கணக்கெடுக்கிறது: விந்தணுக்கள் எத்தனை, அவற்றில் நீந்துபவை எத்தனை, சரியான வடிவில் இருப்பவை எத்தனை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேடு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 சதவீத அசைவு, 4 சதவீத இயல்பான வடிவம் ஆகியவற்றைக் கீழ் எல்லைகளாகத் தருகிறது. இந்த எண்கள் கருத்தரிப்பு நிச்சயம் என்பதற்கான உத்தரவாதம் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிடம் அளந்து பார்த்தபோது, வரிசையில் கடைசி 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடு அங்கே விழுந்தது, அவ்வளவுதான். மூன்று அளவுகளும் சரியாக இருந்தும் குழந்தை இல்லாத தம்பதியர் உண்டு. மூன்றும் குறைவாக இருந்தும் தந்தையானவர்கள் உண்டு.

இந்த மூன்று அளவுகளும் காட்டாத ஒன்று விந்தணுவின் தலைக்குள் இருக்கிறது. கருமுட்டைக்கு விந்தணு கொண்டுசேர்க்க வேண்டிய முதன்மையான பொருள் தந்தையின் மரபணுத் தொகுதி. அந்த டி.என்.ஏ. இழை ஆங்காங்கே அறுந்திருந்தாலும் விந்தணு நன்றாகவே நீந்தும், அழகான வடிவத்தோடும் இருக்கும், கருமுட்டைக்குள் நுழையவும் செய்யும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இந்த அறுபட்ட நிலையைத்தான் விந்தணு டி.என்.ஏ. சிதைவு என்கிறார்கள். அதை அளக்கும் பரிசோதனையின் முடிவு பெரும்பாலும் ஒரே ஒரு சதவீதமாக, டி.எஃப்.ஐ. என்ற பெயரில் அறிக்கையில் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோகும் தம்பதியரும் அதிகம், அதைக் காட்டி அவசர முடிவுகளுக்குத் தள்ளப்படும் தம்பதியரும் அதிகம். எனவே அது எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை வரிசையாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

இழை ஏன் அறுகிறது?

விந்தணுவின் தலை சுமார் 5 மைக்ரான் நீளம்தான். அதற்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள டி.என்.ஏ. அடைபட்டிருக்கிறது. உடலின் மற்ற செல்களில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிச் சற்றுத் தளர்வாகவே இருக்கும். விந்தணு உருவாகும் இறுதிக் கட்டத்தில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி வெளியேறி, அவற்றின் இடத்தில் புரோட்டமைன் என்ற சிறு புரதங்கள் வந்து உட்காருகின்றன. விரித்த பாயைச் சுருட்டி இறுகக் கட்டுவதுபோல், புரோட்டமைன்கள் இழையைச் சுருட்டி, கந்தகப் பிணைப்புகளால் பூட்டிவிடுகின்றன. பயணத்தில் சேதம் வராமல் காக்கும் கட்டு இது.

சுருட்டும்போது ஏற்படும் முறுக்கத்தைத் தளர்த்த, செல் தானே டி.என்.ஏ.வில் சில வெட்டுகளைப் போட்டு மீண்டும் ஒட்டிவிடும். ஒட்டும் வேலை அரைகுறையாக நின்றால் வெட்டுகள் அப்படியே தங்கிவிடும். சரியாக வளராத செல்களை விரை தானே அழித்துவிடும் ஏற்பாடும் உண்டு. அந்தத் தணிக்கையிலிருந்து தப்பிய குறைபாடுள்ள செல்களும் விந்தில் கலந்து வருகின்றன. இவை இரண்டும் உற்பத்தியின்போதே நேரும் கோளாறுகள்.

மூன்றாவது காரணம் வழியில் நேர்வது. மருத்துவரும் நோயாளியும் ஏதாவது செய்ய முடிகிற இடமும் அதுவே. ஆக்ஸிஜனின் வீரியமிக்க மூலக்கூறுகள் விந்தணுவைத் தாக்குவதை ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். மற்ற செல்களில் இதைத் தணிக்கும் நொதிகள் சைட்டோபிளாசத்தில் இருக்கும். விந்தணுவோ எடையைக் குறைக்கச் சைட்டோபிளாசத்தை ஏறக்குறைய முழுவதும் கழற்றிவிட்டுப் புறப்படுகிறது. தாக்குதலைத் தடுக்கும் கருவி அதனிடம் மிகக் குறைவு. அறுந்ததைச் செப்பனிடும் கருவி இல்லவே இல்லை. விரையிலிருந்து வெளிவந்த விந்தணுக்கள் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் நாள்கணக்கில் தங்கி முதிர்ச்சி அடைகின்றன. அழுத்தம் அதிகமுள்ள ஆண்களிடம் சேதத்தின் பெரும்பகுதி இந்தத் தங்கலின்போதே நேர்கிறது. விரையிலிருந்து நேரடியாக எடுக்கும் விந்தணுக்களில் சிதைவு குறைவாக இருப்பது இதற்குச் சான்று.

அழுத்தத்தைக் கூட்டும் காரணிகளில் முதலிடம் வெரிகோசீலுக்கு. விதைப்பையின் இரத்தக்குழாய்கள் புடைத்து வீங்கும் இந்த நிலை, ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் இருக்கிறது; குழந்தையின்மைக்காக வரும் ஆண்களிடம் 35 முதல் 40 சதவீதம்வரை. பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். வலி இல்லாததால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. விரை உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். தேங்கிய இரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது. புகைபிடித்தல், உடற்பருமன், கட்டுப்பாடற்ற சர்க்கரைநோய், பிறப்புறுப்புத் தொற்று, கொதிகலன் அருகிலும் பேக்கரி அடுப்பின் முன்பும் நாள் முழுவதும் நிற்கும் வேலை, புற்றுநோய்க்கான கீமோதெரபியும் கதிர்வீச்சும் எனப் பட்டியல் நீளும். வயதும் அதில் உண்டு. ஆணுக்கு வயது ஒரு பொருட்டே அல்ல என்று வீடுகளில் சொல்லப்படுவது சரியல்ல. நாற்பதைக் கடந்தபின் சிதைவின் சராசரி அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது.

கடும் காய்ச்சல் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஃப்ளூ காய்ச்சல் வந்து ஒரே நாள் உடல் வெப்பம் 39.9 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஒருவரைத் தொடர்ந்து பரிசோதித்த அறிக்கை 2000-இல் வெளியானது. காய்ச்சல் போய் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து, அவருடைய விந்தணுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிதைவு காட்டின. பிறகு அளவு இறங்கியது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்களும், எபிடிடிமிஸைக் கடக்க மேலும் ஒன்றிரண்டு வாரங்களும் ஆகின்றன. இன்று கொடுக்கும் மாதிரி, மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய வேலையின் விளைவு. இடையில் டெங்குவோ டைஃபாய்டோ வந்து போயிருந்தால், அதைச் சொல்லாமல் எடுத்த பரிசோதனை தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

அளக்கும் வழிகள்

டி.என்.ஏ. சிதைவை அளக்க ஒரே முறை இல்லை. நான்கு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த முறையில் எடுத்தது என்று தெரியாமல் சதவீதத்தை மட்டும் படிப்பதில் பயனில்லை.

மிகப் பழையது எஸ்.சி.எஸ்.ஏ. டொனால்ட் ஈவன்சனும் சக ஆய்வாளர்களும் 1980-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு அடித்தளம் இட்டார்கள். காளை, எலி, மனிதன் ஆகியோரின் விந்தணுக்களை ஒப்பிட்ட ஆய்வு அது. விந்தணுக்களைச் சிறிது நேரம் அமிலத்தில் வைத்தால், இழை அறுந்த இடங்களில் டி.என்.ஏ.வின் இரு புரிகளும் பிரிந்துகொள்ளும். பின்பு அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயத்தை ஏற்றினால், புரி பிரியாத டி.என்.ஏ. பச்சையாகவும், பிரிந்தது சிவப்பாகவும் ஒளிரும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரம் 5,000-க்கும் மேற்பட்ட விந்தணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துவிடும். மனிதக் கண்ணின் சாய்வு இதில் இல்லை. ஆனால் கருவி விலையுயர்ந்தது.

எஸ்.சி.டி. என்ற ஒளிவட்டச் சோதனை எளிமையானது. அமிலத்தில் வைத்து, புரதங்களையும் நீக்கினால், அறுபடாத டி.என்.ஏ. தலையைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாக விரியும்; அறுந்ததற்கு வட்டம் சிறுத்துவிடும் அல்லது வராது. சாதாரண நுண்ணோக்கி போதும் என்பதால் பல ஆய்வகங்கள் இதைத்தான் செய்கின்றன. சில நூறு விந்தணுக்களை ஆள் எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதால், எண்ணுபவரின் பயிற்சி முடிவைப் பாதிக்கும்.

டியூனெல் முறையில் ஒரு நொதி, அறுந்த முனைகளில் ஒளிரும் அடையாளத்தை ஒட்டவைக்கிறது. முந்தைய இரண்டும், அமிலத்தைத் தாங்க முடியாமல் டி.என்.ஏ. பிரிகிறதா என்று பார்க்கின்றன. டியூனெல் ஏற்கெனவே இருக்கும் முறிவையே நேராகத் தொடுகிறது. காமெட் சோதனையில் ஒவ்வொரு விந்தணுவையும் ஜெல்லில் பதித்து மின்புலத்தில் வைக்கிறார்கள். அறுந்த துண்டுகள் விலகி ஓடி, வால்நட்சத்திரத்தின் வால்போல் நீள்கின்றன. வாலின் அளவு சேதத்தின் அளவு. மிகக் குறைந்த விந்தணுக்களே உள்ளவர்களுக்கும் இது செய்ய முடியும்.

அளக்கும் பொருள் வேறுபடுவதால் எல்லைகளும் வேறுபடுகின்றன. டியூனெலில் கவலைக்குரிய அளவு, எஸ்.சி.எஸ்.ஏ.வில் நல்ல அளவாக இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021 கையேட்டில் இந்தச் சோதனைகளை, அடிப்படைப் பரிசோதனைக்கு அடுத்த விரிவான பரிசோதனைகளின் வரிசையில் சேர்த்தது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஓர் எல்லையை வகுக்கவில்லை. ஒவ்வோர் ஆய்வகமும் தன் எல்லையைத் தானே சரிபார்த்து நிறுவ வேண்டும் என்கிறது.

எண்ணை வாசிப்பது எப்படி?

எஸ்.சி.எஸ்.ஏ. அறிக்கையில் வழக்கமாக 15 சதவீதத்துக்குக் கீழ் நல்ல நிலை, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் மோசம் என்று பிரித்திருப்பார்கள். டி.எஃப்.ஐ. 22 என்றால், அந்த மாதிரியில் நூற்றுக்கு 22 விந்தணுக்கள் அந்தச் சோதனை கண்டுபிடிக்கும் அளவுக்குச் சிதைந்திருந்தன என்று பொருள். பிறக்கும் குழந்தைக்கு 22 சதவீதம் குறைபாடு வரும் என்று பொருள் இல்லவே இல்லை. இந்தத் தவறான புரிதல் பல வீடுகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பரம்பரை நோய்களையும் குரோமோசோம் கோளாறுகளையும் கண்டறியும் சோதனைகள் வேறு, டி.எஃப்.ஐ. அவற்றைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

முதல் குழந்தைக்குத் திட்டமிட்ட 215 டேனிஷ் தம்பதியரை வைத்து நடந்த, 2000-இல் வெளியான ஆய்வு இந்த எண்ணின் தன்மையை நன்றாகக் காட்டுகிறது. சிதைவு 20 சதவீதத்தைத் தாண்டியபோது மாதந்தோறும் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு சரியத் தொடங்கியது. 40-ஐத் தாண்டியபோது மிகவும் அற்பமாகிவிட்டது. 29-க்கும் 31-க்கும் நடுவே மதில் எதுவும் இல்லை, சரிவுதான் இருக்கிறது. 30 என்ற கோடு முடிவெடுக்க வசதியாக மனிதர்கள் போட்டது. 35 சதவீதம் உள்ளவர் தந்தையாக முடியாது என்று சொல்லும் மருத்துவர், பரிசோதனை சொல்லாததைச் சொல்கிறார்.

எண்ணின் எடையைத் தீர்மானிக்கும் இன்னொருவர் மனைவி. கருமுட்டைக்கு அறுந்த இழைகளை ஒட்டும் திறன் உண்டு. ஒற்றைப் புரி அறுந்திருந்தால் எளிதாகச் சரிசெய்துவிடும்; இரு புரிகளும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் கடினம். இளம் வயதுக் கருமுட்டை இதில் வல்லது. முப்பத்தைந்தைக் கடந்தபின் அந்தத் திறன் குறைகிறது. ஆகவே ஒரே 28 சதவீதம், மனைவிக்கு 26 வயதென்றால் ஒரு பொருளும் 38 வயதென்றால் இன்னொரு பொருளும் தரும். வயதைக் கேட்காமல் தரும் விளக்கம் பாதி விளக்கம்தான்.

கரு உருவானபின் முதல் இரண்டு, மூன்று நாள்கள் அது தாயின் இருப்பை வைத்தே ஓடுகிறது. நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, தந்தையின் டி.என்.ஏ. அப்போதுதான் வேலைக்கு வருகிறது. சிதைவு அதிகமுள்ள விந்தணு கருமுட்டையோடு இயல்பாகச் சேர்ந்து, உருவான கரு மூன்றாம் நாள்வரை அழகாகப் பிளவுபட்டு, ஐந்தாம் நாள் நிலைக்குப் போகாமல் நின்றுவிடுவது இதனால்தான். பதிந்த கரு கலைந்துபோவதும் உண்டு.

எண் நிலையானதும் அல்ல. ஒரே ஆணிடம் மாதத்துக்கு மாதம் அது கணிசமாக ஏறி இறங்கும். விந்து வெளியேறாமல் நீண்ட நாள் கழித்துக் கொடுத்த மாதிரியில் சிதைவு கூடுதலாகத் தெரியும், தங்கிய விந்தணுக்கள் அழுத்தத்தில் அதிக நேரம் கிடந்ததால். அதனால் இடைவெளி 2 முதல் 7 நாள்களுக்குள் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பது அறிக்கையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எஸ்.சி.எஸ்.ஏ. அறிக்கையில் எச்.டி.எஸ். என்று இரண்டாவது சதவீதம் ஒன்று இருக்கும். ஹிஸ்டோன் முழுதாக நீங்காத, முதிராத விந்தணுக்களின் பங்கு அது.

யாருக்குத் தேவை?

குழந்தை தள்ளிப்போகிறது என்று முதன்முறை வரும் எல்லோருக்கும் இது தேவையில்லை. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கப் பரிசோதனையில் இதைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. தொடர் கருச்சிதைவு ஏற்படும் தம்பதியரில் ஆணுக்குச் செய்ய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கம், காரணம் தெரியாத குழந்தையின்மையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

தொடர் கருச்சிதைவில் ஆணைப் பரிசோதிக்க வேண்டும் என்பது சிறிய திருத்தம்போல் தெரியலாம். அதன் முக்கியத்துவம் பெரிது. கரு கலைந்தால் குறை பெண்ணின் கருப்பையில்தான் என்று முடிவுகட்டி, அவளை மட்டுமே ஆய்வகம் ஆய்வகமாக அழைத்துப்போவது நம் குடும்பங்களில் இன்னும் மாறாத வழக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2019-இல், தொடர் கருச்சிதைவைச் சந்தித்த பெண்களின் துணைவர்கள் 50 பேரை மற்ற 60 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் டி.என்.ஏ. சிதைவு இரண்டு மடங்கு இருந்தது. அதற்கு முன்பே, 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, சிதைவு அதிகமுள்ள ஆண்களின் துணைவியருக்குக் கருச்சிதைவு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று கணக்கிட்டிருந்தது. மூன்று கருக்களை இழந்த பெண்ணின் கணவருடைய விந்தணு இதுவரை பரிசோதிக்கப்படவில்லை என்றால், அது மருத்துவம் அவளுக்குச் செய்த அநீதி.

கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை சதவீதத்துக்கு முன் வர வேண்டியது. ஆணை நிற்கவைத்து விதைப்பையைச் சோதிக்க ஒரு சிறுநீரகவியல் அல்லது ஆண் மலட்டுத்தன்மை மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும். வெரிகோசீல் அங்கேயே தெரிந்துவிடும்.

குறைப்பதற்கு என்ன உண்டு?

கையால் தொட்டால் தெரியும் அளவுக்கு வெரிகோசீல் இருந்து, விந்துப் பரிசோதனையிலும் குறை இருந்தால், நுண்ணோக்கி உதவியோடு செய்யும் அறுவை சிகிச்சை சிதைவைக் குறைக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் இந்த முடிவு ஒத்துப்போகிறது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். மனைவிக்கு வயது கூடியிருந்தால் அந்த மாதங்களைச் செலவிடுவதா வேண்டாமா என்பது கடினமான முடிவு. இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறிய வெரிகோசீலுக்கு அறுவை சிகிச்சை பயன் தருவதில்லை. தொற்று இருந்தால் அதற்கான மருந்து, புகையை முழுதாக விடுவது, எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவது ஆகியவை அதிகம் செலவு வைக்காத வழிகள்.

மருந்துச்சீட்டில் அதிகம் இடம்பிடிப்பவை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள். கோட்பாட்டளவில் அவை பொருத்தமானவையே. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நல்ல பலனும் தெரிந்தது. பெரிய, கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் நம்பிக்கையைக் குலைத்தன. அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான மோக்ஸி ஆய்வில், வைட்டமின் சி, ஈ, செலினியம் முதலியவை கலந்த மாத்திரை டி.என்.ஏ. சிதைவையும் குறைக்கவில்லை, கருத்தரிப்பையும் கூட்டவில்லை. அதே ஆண்டு ‘ஜாமா’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு 2,370 தம்பதியரைச் சேர்த்தது. தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஆறு மாதம் சாப்பிட்ட ஆண்களின் குடும்பங்களில் பிறப்புகள் கூடவில்லை, டி.என்.ஏ. சிதைவு போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சற்றே கூடியிருந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வெரிகோசீலைக் கவனிக்காமல் விடுவது, திரும்பக் கிடைக்காத காலத்தை வீணாக்குவது.

செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகும்போது டி.எஃப்.ஐ. ஒரு வழிகாட்டி. விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையில், சிதைவு 30-ஐத் தாண்டியவர்களுக்கு வெற்றி மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. ஆறேழு ஐ.யு.ஐ. செய்து பணமும் மனமும் கரைந்தபின் இந்தச் சோதனையை எடுப்பதைவிட, இரண்டு தோல்விக்குப் பிறகே எடுப்பது நியாயம். ஒரே விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் வைக்கும் இக்சி முறை, 1992-இல் பிரசெல்ஸ் குழுவினர் முதல் வெற்றிகளை அறிவித்ததிலிருந்து ஆண் குறைபாட்டுக்கான முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது. சிதைவு அதிகமானவர்களுக்கு, கருமுட்டையையும் விந்தணுக்களையும் ஆய்வகத்தில் தாமாகச் சேரவிடும் சாதாரண ஐ.வி.எஃப். முறையைவிட இது சில ஆய்வுகளில் மேலானதாகத் தெரிந்தது. ஆனால் ஊசிக்கு விந்தணுவைத் தேர்ந்தெடுப்பவரும் வடிவத்தையும் அசைவையும்தான் பார்க்கிறார். தலைக்குள் இருப்பது அவருக்கும் தெரியாது.

அதனால்தான் முதிர்ந்த விந்தணுவைப் பிரித்தெடுக்கும் நுட்பங்கள் வந்தன. ஹயலூரோனன் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பிரிட்டனில் 2,772 தம்பதியரிடம் சோதித்து, 2019-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பு விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கருச்சிதைவு மட்டும் 7 சதவீதத்திலிருந்து 4.3 சதவீதமாகக் குறைந்தது. காந்தத்தால் பிரிப்பது, நுண்குழாய்ச் சில்லில் நீந்தவிட்டுப் பிடிப்பது ஆகியவையும் பல மையங்களில் கூடுதல் கட்டணத்துக்குத் தரப்படுகின்றன. குழந்தை பிறப்பு கூடும் என்பதற்கு அவற்றுக்கு உறுதியான சான்று இன்னும் திரளவில்லை. கட்டணம் கேட்கும் மையம் இதைத் தம்பதியரிடம் சொல்ல வேண்டும்.

செலவே இல்லாத ஒரு நுட்பமும் உண்டு. கருமுட்டை எடுக்கும் நாளுக்கு முன் கணவர் நீண்ட நாள் இடைவெளி விடாமல், ஒன்றிரண்டு நாள்களுக்கு ஒருமுறை விந்தை வெளியேற்றிவந்தால், அன்று தரும் மாதிரியில் சிதைவு குறைகிறது. எபிடிடிமிஸில் காத்துக் கிடக்கும் நேரம் குறைவதே காரணம். விரையிலிருந்து ஊசியாலோ சிறு அறுவையாலோ விந்தணு எடுத்து இக்சி செய்வது கடைசிப் படி. அங்கே சிதைவு பல மடங்கு குறைவு என்றாலும், இது அறுவை சிகிச்சை. இரத்தக்கசிவும் தொற்றும் வரலாம். சிதைவு தொடர்ந்து அதிகமாக இருந்து, வேறு வழிகள் பலிக்காமல், இக்சியும் தோற்றவர்களுக்கே அது பொருந்தும்.

கீமோதெரபிக்குப் போகவிருக்கும் இளைஞருக்கு எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே விந்தை உறையவைத்துச் சேமிப்பது. சிகிச்சை தொடங்கியபின் எடுக்கும் மாதிரியில் சேதமுற்ற விந்தணுக்கள் இருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. சிகிச்சை முடிந்தபிறகும் பல மாதங்களுக்குக் கருத்தடை தேவைப்படும். எவ்வளவு காலம் என்பதைப் புற்றுநோய் மருத்துவர் சொல்ல வேண்டும்.

எந்தச் சிகிச்சையானாலும் மறு பரிசோதனை குறைந்தது மூன்று மாதம் கழித்தே. அதற்கு முன் எடுத்தால், சிகிச்சை தொடங்குவதற்கு முன் உருவான விந்தணுக்களையே மறுபடி அளந்ததாகும். முதலில் எடுத்த அதே ஆய்வகம், அதே முறை, அதே நாள் இடைவெளி. நடுவில் காய்ச்சல் வந்திருந்தால் அந்தத் தேதியையும் குறித்துத் தர வேண்டும். இவை மாறினால் 32 என்பது 24 ஆனதற்குக் காரணம் சிகிச்சையா, சோதனை முறையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.